மலை மேற்கே இருக்கு, தம்பி! (வாசகர் கேள்வி, ஸ்டுடியோக்காரர் பதில்)

போன இதழில், குறுக்குத்துறை முருகன் கோயில் பக்கம் தாமிரபரணிக்குள் கிடக்கும் ஒரு பாறையை நான் 1986 தை மாதத்திலிருந்து படம் எடுத்து வருவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பாளையங்கோட்டையில் 31 வருஷம் ஸ்டுடியோ நடத்தியவன் நான். தபால்காரர் கட்டாகக் கடிதம் கொண்டுவந்ததும், பழைய கல்யாண ஆல்பம் பாக்கி கேட்டு யாரோ கிளம்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் பயந்தேன். பிரித்துப் பார்த்தால் எல்லாம் கல்லைப் பற்றி. இடம் இருக்கிற அளவுக்குப் பதில் சொல்கிறேன்.

*

கேள்வி: அண்ணாச்சி, எங்கிட்ட இருக்கது போன் மட்டுந்தான். சாயங்கால வெயில்ல எடுத்தா பாறை தங்கமா ஜொலிக்கும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. நம்பி பாபநாசத்துக்குப் போயி அகஸ்தியர் அருவிப் பக்கம் அஞ்சரை மணிக்கு எடுத்தேன். எல்லாம் சாம்பல் பூசின மாதிரி வந்திருக்கு. போன் சரியில்லையா, நான் சரியில்லையா?
கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: போனும் சரி, நீங்களும் சரி. மலை மேற்கே இருக்கு, தம்பி!

அந்த வீடியோக்காரர் எந்த ஊரில் நின்று பேசினாரோ, அங்கே சூரியன் சமவெளியிலோ கடலிலோ இறங்கியிருக்கும். நமக்குப் பொதிகை மலை மேற்கே மதில் கட்டியது போல நிற்கிறது. பஞ்சாங்கத்தில் அஸ்தமனம் ஆறு மணிக்கு மேல் என்று போட்டிருந்தாலும், மலையடிவாரத்துக்கு நாலரை, அஞ்சுக்கெல்லாம் வெயில் போய்விடும். அப்புறம் இருப்பது வானத்து வெளிச்சம் மட்டும். அது நாலு பக்கமும் ஒரே மாதிரி விழும், நிழல் கிடையாது. நிழல் இல்லாவிட்டால் பாறையில் வரி ஏது, பள்ளம் ஏது? நீங்கள் எடுத்தது பாறையைத்தான், ஆனால் அதன் முகம் அங்கே இல்லை.

பூச்சு வேலை முடிந்ததும் கொத்தனார் டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பார்ப்பாரே, கவனித்திருக்கிறீர்களா? நேரே அடித்தால் சுவர் மொழுமொழுவென்று இருக்கும். சாய்த்து அடித்தால் அவர் மறைக்க நினைத்த மேடு பள்ளமெல்லாம் காட்டிக் கொடுத்துவிடும். பாறைக்கும் அந்த டார்ச்தான் வேண்டும். பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு, கடையம் எல்லாமே மலையின் கிழக்குச் சரிவு. அங்கே டார்ச் பிடிப்பது காலைச் சூரியன். வெயில் வந்த முதல் ஒன்றரை மணி நேரம். வனத்துறை செக்போஸ்ட் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போங்கள். இட்லியைப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளலாம், தப்பில்லை.

போனில் இரண்டு காரியம். திரையில் பாறை மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் சின்னச் சூரியன் படம் வரும். அதைக் கொஞ்சம் கீழே இழுங்கள். நம் கருங்கல்லைப் பார்த்ததும் கேமரா, 'ஐயோ, இருட்டு' என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கறுப்பு சாம்பலாகும். உங்களுக்கு வந்த சாம்பலில் பாதி அதுதான். இரண்டாவது, எச்.டி.ஆர். என்று ஒன்று தானாக ஓடிக்கொண்டிருக்கும். நிழலையெல்லாம் தூக்கி வெளுப்பாக்குவது அதன் தொழில். நிழலுக்காக நாம் விடியற்காலை எழுந்து போகிறோம், அது அங்கே உட்கார்ந்து அழித்துக்கொண்டிருக்கிறது! அணைத்துவிடுங்கள்.

சாயங்கால வெயில்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் மலையை விட்டு இறங்கிக் கிழக்கே வாருங்கள். மேற்கு திறந்து கிடக்கிற, சமவெளியில் தனியாக நிற்கும் குன்றுகளுக்குப் போங்கள். கழுகுமலை அப்படி ஒன்று. எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், மலையை மேலிருந்து கீழே குடைந்து, முடிக்காமலே விட்டுப் போன வெட்டுவான் கோயில் அங்கே இருக்கிறது. எல்லோரும் சிற்பத்தை எடுப்பார்கள். நீங்கள் முடிக்காமல் விட்ட கீழ்ப்பகுதியைப் பாருங்கள். கல் கோயிலாவது எங்கே நின்றது என்பது அங்கே தெரியும்.

*

கேள்வி: நேரில் யானை மாதிரி இருக்கிற பாறை போட்டோவில் ஆட்டுக்குட்டி மாதிரி ஆகிவிடுகிறதே?
வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: போனில் 0.5 என்று இருக்கிறதே, அதைத் தொடாதீர்கள். அது எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடும். பத்தடி பின்னால் வந்து 2 வைத்து எடுங்கள். படத்துக்குள் அளவு தெரிந்த பொருள் ஒன்று இருக்கட்டும். நிலவியல்காரர்கள் சுத்தியலை வைப்பார்கள். நான் என் குடையைச் சாத்தி வைப்பேன். ஒருமுறை அங்கேயே விட்டுவிட்டு வந்து வீட்டில் ஏச்சு வாங்கினேன்.

*

கேள்வி: தங்கள் கட்டுரையில் 'பழம்பாறை' என்று எழுதியிருந்தீர்கள். பழமை என்றால் எவ்வளவு? படத்துக்குக் கீழே குறிப்பு எழுத விரும்புகிறேன். 'கோடிக்கணக்கான ஆண்டுகள்' என்று பொதுவாக எழுத மனம் ஒப்பவில்லை.
ஓய்வு பெற்ற ஆசிரியர், கல்லிடைக்குறிச்சி

பதில்: மனம் ஒப்பாதது நியாயம், ஸார். 'கோடிக்கணக்கான' என்பது ஜவுளிக்கடை விளம்பரத்துச் சொல்.

நம் மலையில் உள்ளவை பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் வகைப் பாறைகள்; ஊர் மொழியில் எல்லாமே கருங்கல்தான். இன்றைக்கு நாம் பார்க்கிற உருவத்தை அவை அடைந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா எல்லாம் ஒன்றோடொன்று மோதி கோண்ட்வானா என்ற ஒரே நிலமாக ஒட்டிய காலம் அது. அந்த நெருக்கலில், பூமிக்கடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் வெந்து உருமாறிய கல். அதற்கும் முன்னால் அது வேறு கல்லாக இருந்தது. அந்த மூலக்கல்லின் வயது இன்னும் அதிகம். மேலே இருந்த அத்தனை கிலோமீட்டரும் கரைந்து போனதால்தான் இது இப்போது வெயில் காய்கிறது. டைனோசர் வந்து சுமார் 23 கோடி வருஷம் ஆகிறது. இமயமலை எழும்ப ஆரம்பித்து 5 கோடி. எங்கள் ஆச்சி எதற்கெடுத்தாலும் 'ஆதி காலத்துல' என்பாள். இந்தக் கல்லுக்கு முன்னால் இமயமலையே நேற்றுப் பிறந்த பிள்ளை.

சார்னோக்கைட் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னோக்கின் கல்லறை கல்கத்தாவில் இருக்கிறது. அதன் மேல் வைத்த கல் மெட்ராஸ் பக்கத்திலிருந்து போன கல். 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறைக் கல்லைப் பார்த்துவிட்டு, சார்னோக்கின் பெயரையே கல்லின் இனத்துக்கு வைத்துவிட்டார். தெற்கத்திக் கல்லுக்கு வடக்கே கல்லறையில் பெயர்சூட்டு விழா! நம் கல்தச்சர்கள் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்து ஆண் கல், பெண் கல், அலிக்கல் என்று பிரித்து வைத்திருந்தார்கள். அதை யார் கேட்டார்கள்?

படம் எடுப்பவருக்கு ஒன்று: வெயிலும் மழையும் பட்ட மேல்தோல் பழுப்பாக இருக்கும். புதிதாக உடைந்த இடத்தில்தான் உண்மை நிறம் தெரியும். கருநீலம், கொஞ்சம் பச்சை, எண்ணெய் தடவியது போல ஒரு மினுக்கம். அதற்காகச் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விடாதீர்கள். ஆற்றோரம் வெள்ளம் உடைத்துப் போட்ட துண்டுகள் கிடக்கும்.

*

கேள்வி: அண்ணாச்சி, குற்றாலத்துல நனைஞ்ச பாறையை எடுத்தா அங்கங்க வெள்ளை வெள்ளையா பளிச்சுனு அடிக்கி. கண்ணுக்கு அழகா கறுப்பா தெரியுதே, படத்துல ஏன் வரமாட்டேங்கி?
இல்லத்தரசி, தென்காசி

பதில்: தங்கச்சி, நனைந்த பாறை ஒரு கண்ணாடி. அந்த வெள்ளை, பாறையில் தெரிகிற வானம். பெரிய கேமராவுக்குப் போலரைசர் என்று ஒரு ஃபில்டர் உண்டு. லென்ஸில் மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் ஒரு இடத்தில் பளபளப்பு சட்டென்று அணைந்து, அடியில் உள்ள நிறம் எழும்பி வரும். உங்கள் வீட்டுக்காரரிடம் போலரைஸ்டு கூலிங்கிளாஸ் இருந்தால் அதைப் போன் லென்ஸுக்கு முன்னால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அதே வேலையைச் செய்யும். சும்மா கறுப்புக் கண்ணாடி செய்யாது.

வெயில் அடிக்கிற நாளைவிடச் சாரல் நாள் நனைந்த கல்லுக்கு நல்லது. மேலே சொன்ன டார்ச் நியாயத்துக்கு இது விரோதம்தான், தெரிகிறது. காய்ந்த கல்லுக்கு வரி முக்கியம், நனைந்த கல்லுக்கு நிறம் முக்கியம். மேகம் போட்ட வெளிச்சத்தில் நிறம் அமைதியாக உட்காரும். ஆனி, ஆடிச் சாரலில் கேமராவைத் துண்டில் சுற்றிக்கொண்டு போங்கள். வீட்டுக்கு வந்ததும் அரிசி டப்பாவுக்குள் போடாதீர்கள், தூசிதான் ஏறும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள். ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்த என்னுடைய 50 எம்.எம். லென்ஸ் இன்னும் மேசை மேல் இருக்கிறது, காகிதம் பறக்காமல் வைக்க.

பேரருவியில் எல்லோரும் தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள். தண்ணீர் கொஞ்சம் குறைகிற பருவத்தில் பக்கப் பாறையைப் பாருங்கள், வரிசை வரிசையாகச் சிவலிங்கம் செதுக்கியிருக்கும். மேலே இருக்கிற பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, பொங்கி, அப்புறம்தான் நம் தலைக்கு வருகிறது தண்ணீர். விழுகிற வேகமும் அதில் சுழல்கிற கூழாங்கல்லும் சேர்ந்து கல்லைக் கடைந்துவிடும். பாபநாசம் பக்கம் ஆற்றுப் பாறைகளில் சின்ன அளவில் இதே வேலையைப் பார்க்கலாம்: உரல் மாதிரி வட்டக் குழி, அடியில் நாலைந்து உருண்டைக் கல். கல் ஆட்டுகிறது, கல்லே மாவாகிறது! வெயில் குழிக்குள் இறங்காத நேரத்தில், நேர் மேலே நின்று எடுங்கள்.

தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ படத்தை விடுங்கள், கரையேறுங்கள். மேலே மலையில் மழை பெய்வது கீழே வெயிலில் நிற்கிறவருக்குத் தெரியாது. பாசிப் பாறையில் ரப்பர் செருப்போடு ஏற வேண்டாம். மணிமுத்தாறு அருவியில் நான் ஏறினேன். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்தேன். கேமராவுக்கு ஒன்றும் இல்லை, எனக்கு மணிக்கட்டு. தை மாசம் முழுக்க மாவுக்கட்டு, பதினோரு கல்யாண ஆர்டர் போச்சு. 'கல்லப் போட்டோ எடுக்கப் போனாம் பாரு, கல்யாணத்த விட்டுட்டு' என்று ஆச்சி அந்த வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டினாள்.

*

கேள்வி: முண்டந்துறைப் பக்கம் டிரோன் விடலாமா?
வாசகர், வீரவநல்லூர்

பதில்: கூடாது. 1962-ல் முண்டந்துறை, 1976-ல் களக்காடு என்று தனித்தனிச் சரணாலயங்களாக இருந்தவற்றை 1988-ல் சேர்த்துத்தான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். உள்ளே பாதையை விட்டு விலகிப் போய்ப் படம் எடுக்கக்கூட வனத்துறை அனுமதி வேண்டும். 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அது. அம்பாசமுத்திரம் வன அலுவலகத்தில் விசாரியுங்கள். இன்னொன்று, சட்டத்தில் இல்லாதது. செங்குத்துப் பாறையில் மலைத்தேனீ அடை தொங்கும். அதன் முன்னால் டிரோனும் வேண்டாம், உடம்பில் பூசிய செண்டும் வேண்டாம். செண்டு விஷயம் எனக்குக் காரையாறு காணிப் பழங்குடிக்காரர் ஒருவர் சொன்னது. சொன்னபோது அவர் ஏற்கெனவே எனக்கு இருபதடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

*

கேள்வி: எங்க ஊரில் மலையும் இல்லை, பாறையும் இல்லை. செம்மணல் தேரிக்காடும் கடலும்தான். உங்கள் கட்டுரை எங்களுக்கு எதற்கு?
வாசகி, திசையன்விளை

பதில்: கோபம் தெரிகிறது, தாயி. ஆனால் உங்கள் ஊரில் பாறை இல்லை என்று யார் சொன்னது? இங்கே பாறையாக நிற்கிறது, உங்களிடம் மணலாக வந்து சேர்ந்திருக்கிறது.

உவரி கடற்கரைக்கு விடியற்காலை போங்கள். அலை பின்வாங்கிய இடத்தில் சிவப்பும் கறுப்புமாகக் கோலம் போட்டிருக்கும். சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட், இரண்டுமே இரும்பு கலந்த கனிமம். மலைக்கல்லுக்குள் மாதுளை முத்து போலப் பதிந்திருக்கிற அதே கார்னெட்தான். கல் கரைந்து, ஆறு உருட்டி, கடல் சலித்துப் போட்டது. இரண்டும் வெள்ளை மணலைவிடக் கனம். அலை திரும்பும்போது லேசானதை இழுத்துக்கொண்டு போகும், கனமானது தங்கிவிடும். முறத்தில் நாம் புடைப்பதுபோலத்தான், என்ன, இங்கே தள்ளுவது காற்றில்லை, தண்ணீர். உங்களுக்குக் கிழக்கே கடல் இருப்பது இப்போது வரமாகிறது, சூரியன் கடலிலிருந்தே வரும். கேமராவை ஒரு முழ உயரத்துக்கு இறக்கி, வெயிலுக்கு எதிர்முகமாக எடுங்கள். மணலின் ஒவ்வொரு வரியும் நிழல் கட்டும். முடிந்ததும் நல்லதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவைத் துடையுங்கள். உப்பு சும்மா விடாது.

தேரியின் சிவப்பும் இரும்புதான். ஒவ்வொரு மணிக்கும் மேலே இரும்புத் துருவின் மெல்லிய பூச்சு. நடுப்பகலில் எடுத்தால் செங்கல் தூள் மாதிரி இருக்கும். மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் பாருங்கள், குங்குமம். ஆடிக்காற்றில் மட்டும் லென்ஸ் மாற்றாதீர்கள். தேரிகளில் கற்கால மனிதர்களின் நகத்தளவுக் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. சின்னதாகக் கூர்மையாக ஒரு கல் கண்ணில் பட்டால் இருந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு, தொடாமல் வாருங்கள். எடுத்துப் பையில் போட்டால் அது வெறும் கூழாங்கல்.

*

கேள்வி: பாறையில் பெயிண்டால் பெயர் எழுதி அம்பு விட்டு வைத்திருக்கிறார்களே, அதைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டுப் போட்டிக்கு அனுப்பலாமா? பாறையில் உள்ள வெள்ளைத் திட்டுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து எடுக்கலாமா?
ஸ்டுடியோ உதவியாளர், சங்கரன்கோவில்

பதில்: முதல் கேள்விக்கு: போட்டி விதியைப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் அழிப்பதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் பருவை அழித்திருக்கிறேன், அதற்குக் காசு வாங்கினேன். பாறை எனக்குக் காசு தரவில்லை.

இரண்டாவதற்கு: தொடாதீர்கள்! அந்த வட்ட வட்டத் திட்டு அழுக்கு இல்லை, உயிர். பூஞ்சையும் பாசியும் கூட்டுக் குடும்பம் நடத்துகிற லைக்கன். குழம்புக்குப் போடுகிற கல்பாசி இதன் சொந்தக்காரன்தான். பாறையில் ஒட்டிய சில வகைகள் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. உள்ளங்கை அகலத் திட்டு உங்கள் தாத்தாவைவிட மூத்ததாக இருக்கலாம். பெரியவர் முகத்தைச் சுரண்டிவிட்டா போட்டோ எடுப்பது?

*

கேள்வி: தாத்தா, ஒரே பாறையை இத்தனை வருஷமா எடுக்கீங்களே, போரடிக்கலையா? பாறை மாறவா போகுது?
ஒன்பதாம் வகுப்பு மாணவி, மேலப்பாளையம்

பதில்: பாறை மாறவில்லை, கண்ணு. யாஷிகா கேமராவில் ஆர்வோ பிலிம் போட்டு எடுத்த முதல் படத்தையும், போன மாசம் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால் ஒரு விரிசல்கூடக் கூடவில்லை. பக்கத்தில் நிற்கிற நான்தான் மெலிந்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் பாறையின் வடக்கு முகத்தில் ஏணிப்படி மாதிரி ஏழு வரி உண்டு. முதல் ஆறு வருஷம் அது இருப்பதே எனக்குத் தெரியாது. ஏனென்றால் நான் போனதெல்லாம் மார்கழி, தை, மாசி. கல்யாண சீசனுக்கு நடுவே கிடைத்த நேரம், ஆற்றில் தண்ணீரும் தெளிவு. அந்த மாசங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். வடக்கு முகம் நாள் முழுக்க நிழல். 1992-ல் ஆனி மாசம் ஒரு நாள் காலையில் சும்மா குளிக்கப் போனேன். கேமரா கையில் இல்லை. வடக்கு முகத்தில் வெயில் உரசிக்கொண்டு விழுந்திருக்கிறது, ஏழு வரியும் அப்படியே எழும்பி நிற்கிறது. ஈர வேட்டியோடு சைக்கிளை மிதித்துக் கடைக்குப் போய்க் கேமராவோடு வந்தேன், வெயில் ஏறிவிட்டது.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். நம் ஊரில் சித்திரை விஷுவை ஒட்டி உச்சிவெயில் தலைக்கு நேர் மேலே வரும். குச்சியை நட்டால் நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். நீ பள்ளிக்கூட மைதானத்திலேயே பார்க்கலாம். அதற்கப்புறம் ஆவணி பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே. டெல்லிக்காரருக்கு இது கிடையாது, வருஷம் முழுக்க உச்சிவெயில் அவருக்குத் தெற்கேதான். ஆக வடக்குப் பார்த்த பாறைக்கு நம் பக்கம் வருஷத்தில் நாலரை மாசம்தான் நல்ல வெயில், அதில் காலையில் ஒரு மணி நேரம். மேகம் இல்லாத நாளாகவும் இருக்க வேண்டும்.

அந்த வருஷம் நவம்பரில் பெரிய வெள்ளம் வந்து பாறையைச் சுற்றி இருந்த மணலையெல்லாம் வாரிக்கொண்டு போனது. மறு ஆனியில் போனால் ஏழு வரிக்குக் கீழே இன்னும் மூன்று. பத்து வரியையும் ஒரே படத்தில் பிடித்தேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மணல் ஏறி மூன்றையும் மூடிவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் குறுக்குத்துறைக் கோயிலே முங்கிக் கிடந்தது, நீ பார்த்திருப்பாய். தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். எங்கோ இருந்து வந்த ஆலமர வேர் ஒன்று பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தது, அதில் ஒரு பச்சைச் சேலை. மணல் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க மூட்டு விடவில்லை.

இந்த ஆனியில் உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கு வா. எத்தனை வரி என்று நீ எண்ணிச் சொல், நான் கரையில் இருந்து எடுத்துக்கொள்கிறேன்.